பஸ் பார்க்கப் போனோம்

ரொறொன்ரோவில் வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் எம்மவர் பலர் இப்போது சிறு நகரங்களுக்குக் குடிபெயர்ந்து வருகிறார்கள். வேலை கிடைக்கிறது. வீடு கொஞ்சம் மலிவு. பிள்ளைகளின் பாடசாலை நடை தூரத்தில். எல்லாம் சரிதான். ஆனால் வந்து ஒரு கிழமை போனதும் ஒன்று விளங்கிவிடும். சிறு நகரத்தில் கார் இல்லாதவன் கால் இல்லாதவன்.

நாங்கள் ஒன்ராறியோவில் 401 நெடுஞ்சாலையை ஒட்டிய அப்படியொரு நகரத்தில் பக்ரறி வேலை செய்பவர்கள். பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கும் சிப்ற் இரவு பதினொரு மணிக்கு முடியும். நகரத்தின் கடைசி பஸ்சோ பத்தேகாலுக்கே போய்விடும். வேலைக்குப் போக பஸ் உண்டு, திரும்பி வரத்தான் இல்லை! கார் உள்ள ஒருவரின் தயவில் ஐந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு வருவோம். அவருக்கு ஓவர்ரைம் வந்தால், அல்லது காய்ச்சல் வந்தால், மற்றவர்களுக்கு ரக்சிதான். ஒன்ராறியோவில் ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஒக்ரோபர் முதல் மணிக்கு 17 டொலர் 60 சதம். எங்கள் வீட்டுக்கு ரக்சிக்கூலி 26 டொலர். வரி கழிக்காமல் பார்த்தாலும் ஒன்றரை மணி நேர உழைப்பு வீடு வந்து சேரவே போய்விடுகிறது.

நடந்து வருவதென்றால் ஐம்பது நிமிடம். கோடையில் பரவாயில்லை. மைனஸ் இருபதில், நடைபாதை ஸ்நோவால் மூடிக் கிடக்க, லொறிகள் பறக்கும் வீதியோரமாக நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். எங்களோடு நின்ற இரண்டு பெண்கள் இதற்காகவே வேலையை விட்டுப் போனார்கள்.

இதைப்பற்றி வீட்டிலும் பிறந்தநாள் விழாக்களிலும் எவ்வளவோ கதைத்திருக்கிறோம். கதைத்து என்ன பயன்? சென்ற கோடையில் பக்ரறியின் சாப்பாட்டு அறையில் ஒரு கொப்பியை வைத்தோம். பெயர், இருக்கும் தெரு, வேலை முடியும் நேரம், இந்த மூன்றும் போதும் என்று எழுதிவைத்தோம். இரண்டு கிழமையில் 63 பேர் எழுதினார்கள். அதில் தமிழர் 11 பேர்தான். மற்றவர்கள் பிலிப்பைன்ஸ், சிரியா, உக்ரெயின், ஜமேக்கா நாட்டவர்கள், இங்கேயே பிறந்த வெள்ளைக்காரர்கள். பஸ் இல்லாத குறை எல்லா இனத்துக்கும் ஒன்றுதான் என்பதை அந்தக் கொப்பிதான் எங்களுக்குக் காட்டியது.

கொப்பியைக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது? குடியேற்ற உதவி நிலையத்தில் வேலைசெய்யும் தங்கச்சி ஒருவர் சொன்னார்: "நகரசபைக்குப் போங்கோ அண்ணா. ஆனால் எங்களுக்கு இல்லை, இல்லை என்று மட்டும் சொல்லாதேங்கோ. வேற இடத்தில எப்பிடிச் செய்தவை என்று பாத்துக்கொண்டு போங்கோ. கிங்ஸ்ரனுக்கு ஒருக்காப் போட்டு வாங்கோ."

அப்படித்தான் ஒக்ரோபர் மாதத்தில், சரக்குக் கணக்கெடுப்புக்காகப் பக்ரறி மூடியிருந்த ஒரு வியாழக்கிழமை, நாங்கள் நால்வர் பஸ் பார்க்கப் போனோம். நயாகராவுக்கு நீர்வீழ்ச்சி பார்க்கப் போவார்கள். பஸ் பார்க்கப் போனவர்கள் நாங்களாகத்தான் இருக்கும்.

பெல்வில் வழியாக

கிங்ஸ்ரன் ரொறொன்ரோவிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். 401இல் கிழக்கே போகும்போது இடையில் வருவது பெல்வில். அங்கே கோப்பிக்கு நிறுத்தினோம். நிறுத்தியதற்கு வேறு காரணமும் உண்டு. இரவு வேலைக்காரருக்கு பஸ் விடுவது எப்படி என்ற கேள்விக்கு இந்த ஊர் 2018 செப்ரெம்பரில் ஒரு விடை கண்டது. இரவில் ஒரே பாதையில் ஆளில்லாமல் ஓடிய பஸ்சை, கூப்பிட்ட தரிப்பிடத்துக்கு வரும் பஸ்சாக மாற்றினார்கள். எந்தத் தரிப்பிடத்தில் ஏறி எதில் இறங்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால், கணினி அன்றைய கேள்விகளை எல்லாம் சேர்த்துப் பாதையை வகுக்கும். பஸ் அதே பெரிய பஸ்தான், றைவரும் அதே நகரசபை றைவர்தான். பாதைதான் மாறுகிறது.

இதற்கு முந்திய ஆண்டு, 2017இல், ரொறொன்ரோவுக்கு வடக்கே உள்ள இனிஸ்பில் என்ற ஊர் வேறொரு வழியில் போனது. பஸ் வாங்காமல், ஊபர் வாடகைக் காரில் போகிறவர்களுக்கு ஒரு பகுதிப் பணத்தை ஊர்ச்சபையே கொடுத்தது. சனத்துக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. பிடித்ததுதான் வினை! 2019இல் கட்டணத்தைக் கூட்டி, மாதத்துக்கு 30 பயணம் என்று எல்லையும் போட வேண்டி வந்தது. காரணம் எளிது. ஓடுகிற பஸ்சில் இன்னும் பத்துப் பேர் ஏறினால் செலவு கூடாது. காரில் போகும் ஒவ்வொருவருக்கும் புதிதாகச் செலவு. நகரசபையில் யாராவது "பஸ் எதற்கு, ரக்சிக்குக் காசு கொடுப்போமே" என்றால், இதைச் சொல்லலாம் என்று குறித்துக்கொண்டோம்.

சுண்ணாம்புக்கல் நகரம்

கிங்ஸ்ரனில் 2021 கணக்கெடுப்பின்படி 132,485 பேர் வாழ்கிறார்கள். பழைய கட்டடங்கள் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. 1841 முதல் 1844 வரை அன்றைய கனடா மாகாணத்தின் தலைநகரம் இதுதான். தலைநகரத்துக்குத் தகுந்தபடி ஏரியைப் பார்த்து ஒரு பெரிய நகரமண்டபம் கட்டினார்கள். மண்டபம் முடிந்த 1844இலேயே தலைநகரம் மொன்றியலுக்குப் போய்விட்டது. மண்டபம் மட்டும் கம்பீரமாக நிற்கிறது.

மேற்குப் பக்கத்தில் உள்ள பெரிய கடைத்தொகுதியில் வானை விட்டுவிட்டு பஸ் ஏறினோம். அந்த இடத்தின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தால் 'கற்றறாக்கி' என்று வரும். பஸ்சில் ஒலித்த குரலோ 'கற்றறொக்வே' என்றது. இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

அந்தக் குரலுக்கும் ஒரு கதை உண்டு. புதிய ஊரில் வீதி தெரியாத எங்களுக்கு, அடுத்த தரிப்பிடம் எது என்று பஸ் தானாகவே சொல்வது எவ்வளவு உதவி! இது யாரும் இரங்கித் தந்ததல்ல. டேவிட் லெபொவ்ஸ்கி என்ற கண்பார்வையற்ற சட்டத்தரணி, தரிப்பிடங்களைச் சொல்லவில்லை என்று ரொறொன்ரோப் போக்குவரத்துச் சபைக்கு எதிராக மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2005இல் சுரங்க ரயிலுக்கும், 2007இல் பஸ்சுக்கும் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 2011இல் வந்த மாகாண விதிகள் ஒன்ராறியோ முழுவதும் அதைக் கட்டாயமாக்கின. கண் தெரியாதவர் ஒருவர் கேட்டார், பாஷை தெரியாத நாங்களும் பயனடைகிறோம்.

நாங்கள் ஏறியது 501ஆம் இலக்க விரைவு பஸ். 2013இல் இந்த விரைவுச் சேவையைத் தொடங்கினார்கள். 501 ஒரு பக்கமாகச் சுற்ற, 502 மறு பக்கமாகச் சுற்றும். நெரிசல் நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒன்று என்பது தொடக்கத் திட்டம். மணித்தியாலத்துக்கு ஒரு பஸ் ஓடுகிற ஊரில் அட்டவணையைப் பார்த்து, ஓட்டமாய் ஓடி, தவறவிட்டால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் அட்டவணையே தேவையில்லை. போய் நின்றால் வரும். யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறை பஸ்சுக்கு யார் நேரம் பார்த்துப் போனோம்?

பாடசாலை விட்ட பஸ்

பின்னேரம் நாங்கள் பார்க்க வந்த காட்சி வந்தது. பாடசாலை விட்டதும் பஸ் நிறையப் பிள்ளைகள். முதுகில் பை, காதில் பாட்டு. ஒவ்வொருவரும் அட்டையைக் காட்டிவிட்டு ஏறினார்கள்.

2012இல் கிங்ஸ்ரன் நகரசபையும் பாடசாலைச் சபைகளும் சேர்ந்து ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் கொடுத்தன. பிறகு ஆண்டுக்கு ஒரு வகுப்பாகக் கூட்டி, பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டு போனார்கள். பாடசாலைச் சபையில் பணியாற்றிய டான் ஹென்றி என்பவர் இதற்காகத் தொடர்ந்து பாடுபட்டவர். பாஸைக் கொடுத்ததோடு விட்டுவிடவில்லை என்பதுதான் முக்கியம். பாடசாலை வாசலுக்கே ஒரு பஸ்சைக் கொண்டுவந்து, பிள்ளைகளை ஏற்றி, எப்படிக் கட்டணம் செலுத்துவது, இறங்க எப்படி மணி அடிப்பது, சைக்கிளை முன்னால் எப்படிக் கொழுவுவது என்று எல்லாம் பழக்கினார்கள். 2012–13இல் மாணவர்கள் செய்த பயணம் சுமார் 28,000. 2016–17இல் அது ஏறக்குறைய 600,000!

எங்களோடு வந்தவர்களில் மூத்தவர், பொதி கட்டும் பகுதியில் வேலை செய்யும் ஐம்பத்தெட்டு வயது அக்கா. கனடா வந்து பதினான்கு ஆண்டு. தனியாக பஸ்சில் ஏறியதே இல்லை. யன்னலோரக் கயிற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இதைப் பிடிச்சு இழுத்தால் பஸ் நிக்குமோ?"

"ஓம் அக்கா, இழுத்துப் பாருங்கோ."

"றைவர் ஏசமாட்டாரோ?"

"இறங்கத்தானே போறம், இழுங்கோ."

இழுத்தார். மணி அடித்தது. பஸ் நின்றது. அக்கா றைவருக்கு 'தாங்யூ' சொல்லிவிட்டு இறங்கினார். எங்கள் வீடுகளில் எத்தனை அம்மாமார், மாமிமார், பஸ் இருந்தும் ஏறத் தெரியாமல் ஐந்தாம் மாடி யன்னலால் வீதியைப் பார்த்தபடி இருக்கிறார்கள்! பதினாலு வயதுப் பிள்ளைக்கே பழக்கித்தான் விட வேண்டியிருக்கிறது என்றால், இவர்களுக்கு யார் பழக்கினோம்?

ஏரிக்கரையில் நின்று வுல்ஃப் தீவுக்குப் போகும் கப்பலையும் பார்த்தோம். மாகாண அரசு நடத்துவது. கட்டணம் இல்லை. எங்களில் ஒருவர் நெடுந்தீவார். குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்து நின்றவர். அவர் ஒன்றும் பேசவில்லை. கப்பல் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

நகரசபையில் ஐந்து நிமிடம்

திரும்பி வந்து மூன்றாம் கிழமை எங்கள் நகரசபைக் கூட்டம். செயலாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே பெயரைப் பதிந்தோம். பேச எங்களுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். நகரசபைத் தேர்தலில் வாக்களிக்கத்தான் குடியுரிமை வேண்டும். பேசுவதற்கு யாரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை.

நாங்கள் அதிகம் கேட்கவில்லை. பத்தேகால் பஸ்சுக்குப் பிறகு, பதினொன்று இருபதுக்கு ஒரேயொரு பஸ். கொப்பியில் இருந்த தெருக்களை நகர வரைபடத்தில் புள்ளியாகக் குறித்துக் காட்டினோம். கணக்கு ஒன்றையும் சொன்னோம். ஒன்ராறியோ அரசு 2004 முதல் பெற்றோல் வரியில் ஒரு பங்கை, இப்போது லீற்றருக்கு இரண்டு சதம் என்ற அளவில், பொதுப் போக்குவரத்து நடத்தும் நகரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பிரிக்கும்போது 70 வீதம் பயணிகள் எண்ணிக்கையைப் பார்த்து, 30 வீதம் சனத்தொகையைப் பார்த்து. பஸ்சில் ஆள் கூடினால் நகரத்துக்கும் பணம் கூட வரும். ஆகவே இதைப் பிச்சையாகக் கேட்கவில்லை.

ஒரு கவுன்சிலர் கேட்டார்: "பஸ் விட்டால் நாளுக்கு எத்தனை பேர் ஏறுவீர்கள்?" எங்களோடு வந்த உக்ரெயின் பெண் கொப்பியைத் தூக்கிக் காட்டினார். முடிவில், ஆறு மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக விடுவதென்று தீர்மானித்தார்கள். தை மாதம் தொடங்குகிறது. ஆறு மாதம் முடிய, ஏறியவர்களை எண்ணிப் பார்ப்பார்கள்.

இனித்தான் எங்கள் பாடு. பஸ் வந்துவிட்டதே என்று இருந்துவிட்டு, குளிர் கூடிய நாளில் பழையபடி காரில் தொற்றிக்கொண்டு போனால், கணக்கில் ஆள் இராது. ஆள் இல்லாவிட்டால் ஆடி மாதம் பஸ்சும் இராது. 'கேட்டார்கள், கொடுத்தோம், ஏறவில்லை' என்ற பேச்சு அடுத்த பத்து ஆண்டுக்கு நிற்கும்.

வேறு நகரங்களில் இருக்கும் வாசகர்களுக்கும் சொல்கிறோம். உங்கள் ஊரிலும் இதே குறை இருக்கலாம். ஒரு கொப்பி போதும். தமிழரிடம் மட்டும் கொண்டு திரியாமல் பக்கத்து மேசைக்காரரிடமும் நீட்டுங்கள். பொதுவாக 'பஸ் சரியில்லை' என்னாமல், எந்த வீதிக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். ஆங்கிலம் தடக்கினால் எழுதி வாசியுங்கள். நாங்களும் வாசித்துத்தான் பேசினோம். நகரசபை வரவுசெலவுத் திட்டம் முடிவாகுமுன் போங்கள், பிறகு போனால் 'வருகிற வருடம்' என்பார்கள்.

எங்கள் ஊர்க் குடும்பங்களுக்கு இன்னும் ஒன்று. தை மாத முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலகத்துக்கு முன்னால் உள்ள தரிப்பிடத்துக்கு உங்கள் வீட்டு அம்மாமாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஏற, இறங்க, மணி அடிக்கப் பழக்குவோம். பழக்க வருபவர், கிங்ஸ்ரனில் கயிறிழுத்த அதே அக்காதான்.