அல்ஹம்துலில்லாஹ் என்ற விடைக்குப் பின்னால்

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று உளவியல் முதுகலை பயில்கிறார். சென்ற ஆண்டு அவர் மனநல வினாப்பட்டியல் ஒன்றுடன் மத்ரஸாவுக்கு வந்தார். அமெரிக்க உளவியலாளர் கேரல் ரிஃப் 1989இல் வெளியிட்ட அளவுகோலின் சுருக்க வடிவம் அது; 18 கூற்றுகள் கொண்டது. தன்னை ஏற்றல், நல்லுறவு, தற்சார்பு, சூழலைக் கையாளுதல், வாழ்வின் நோக்கம், தன்வளர்ச்சி என ஆறு கூறுகளை அளக்கிறது. ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பாராத மற்றொருவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தியிருந்தனர்.

“படிப்பவர்கள் இதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், ஹஜ்ரத்” என்றார். விருப்பம் தெரிவித்த மூத்த மாணவர்கள் எட்டுப் பேர் அமர்ந்தனர்.

தற்சார்புக் கூற்றுகளில் முதல் தடங்கல் எழுந்தது. பிறர் கருத்துக்கு இணங்குவோருக்கு அங்கே மதிப்பெண் குறையும். “உம்மாவிடம் கேட்காமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை. அது குறையா?” என்றார் ஒருவர். மஷூராவை நற்பண்பாகக் கற்பித்தவர்கள் நாமே. தமிழில் பிழையில்லை, ஆயினும் அளவு பிழைத்தது. ஆகவேதான், ஆறு கூறுகளும் நம் மக்களிடமும் அவ்வாறே பிரிகின்றனவா எனப் பலரது விடைகளைக் கொண்டு ஆராய்ந்த பின்னரே இதனைப் பயன்படுத்த வேண்டும் என்று அவர் விளக்கினார்.

இரண்டாவது தடங்கல் நாமே. எட்டுப் பேரும் எல்லாவற்றுக்கும் நல்ல விடையையே குறித்திருந்தனர். “நீங்கள் சற்று வெளியே இருக்க முடியுமா, ஹஜ்ரத்?” என்று அவர் தயங்கியவாறு கேட்டார். பெயர் எழுதாத புதிய தாள்கள் கொடுக்கப்பட்டன.

தாள்களை அவர் நம்மிடம் காட்டவில்லை. “நலமா என்று கேட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்கிறேன், இரவில் உறக்கம் வருவதில்லை என ஒருவர் எழுதியிருக்கிறார். யார் என்று கேட்காதீர்கள்” என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு நமக்கும் உறக்கம் வரவில்லை. நாள்தோறும் ஸலாம் சொல்லி நலம் கேட்ட நாம், ஷுக்ரைத் தவிர வேறு விடைக்கு இடம் வைத்திருந்தோமா?

மறுநாள் எட்டுப் பேருக்கும் சூரா யூசுஃபை எடுத்தோம். அழகிய பொறுமையை மேற்கொண்ட யஅகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப்போயின என்பதை அல்லாஹ் மறைக்கவில்லை. வலியைச் சொல்வது ஈமானின் குறைவன்று. மருத்துவம் நாடுவது நபிவழி என்றோம்.

பாடம் முடிந்ததும் ஒருவர் மட்டும் எழுந்து செல்லவில்லை. அந்தத் தாள் அவருடையதா என்று நாம் கேட்கவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை கேட்டிருந்தோம். அவர் விரும்பியபடி மருத்துவரிடம் உடன் சென்றோம்.

நம் பிள்ளைகள் உண்மையைச் சொல்ல அஞ்சாத இல்லங்களை வல்ல ரஹ்மான் நமக்கு அருள்வானாக. ஆமீன்.