ஆப்பின் ஜாதகம்

பி.காம்.மில் கம்பெனிச் சட்டம் படித்த யாரும் ஆஷ்பரி ரயில்வே கேரேஜ் கம்பெனியை மறந்திருக்க மாட்டார்கள். ரயில் பெட்டி செய்து விற்பதற்காக இங்கிலாந்தில் ஆரம்பித்த கம்பெனி அது. ஆசை யாரை விட்டது? பெல்ஜியத்தில் ரயில் பாதையே போட ஒப்பந்தம் செய்துகொண்டது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1875-ல் தீர்ப்பு வந்தது. மெமொராண்டத்தில் பாதை போடுவது பற்றி ஒரு வரிகூட இல்லை, ஒப்பந்தம் செல்லாது. இதற்குப் பெயர் அல்ட்ரா வைரஸ்.

மொபைல் ஆப்புக்கும் இப்படி ஒரு மெமொராண்டம் உண்டு. எனக்கு அதைக் காட்டியவள் அண்ணன் மகள். ஆண்ட்ராய்டு ஆப் எழுதுவது அவள் தொழில். "இதுதான் சித்தப்பா, ஆப்போட ஜாதகம்" என்றாள்.

பெயர், ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட். எந்த ஆண்ட்ராய்டு ஆப்பைப் பிரித்தாலும் உள்ளே இந்த ஃபைல் கட்டாயம் இருக்கும். முதலில் எந்தத் திரை திறக்க வேண்டும், எதற்கெல்லாம் அனுமதி வேண்டும் என்று எல்லாம் வரி வரியாக. கேமராவுக்கு ஒரு வரி, மைக்குக்கு ஒரு வரி. அந்த வரி இல்லையென்றால், ஆப் தலைகீழாக நின்றாலும் உங்கள் காண்டாக்ட் லிஸ்ட்டைத் தொட முடியாது. அதே அல்ட்ரா வைரஸ்!

அவள் இதைக் காட்டக் காரணம் இருந்தது. உறவுக்காரப் பையன் ஒருவன் அவசரத்துக்கு ஒரு கடன் ஆப்பில் 6,000 ரூபாய் வாங்கினான். தவணை நாலு நாள் தள்ளிப்போனது. ஐந்தாம் நாள் அவனுடைய பழைய டீச்சருக்கு, தண்ணி கேன் போடுகிறவருக்கு, கல்யாணம் பேசிக்கொண்டிருந்த பெண் வீட்டுக்கு, எல்லோருக்கும் 'இவன் ஃபிராடு' என்று வாட்ஸ்அப். சம்பந்தம் அதோடு போச்சு. "எல்லார் நம்பரும் அவங்களுக்கு எப்படி மாமா கிடைச்சுது?" என்று கேட்டான்.

அண்ணன் மகள் அந்த ஆப்பைக் கம்ப்யூட்டரில் பிரித்தாள். 'ரீட் காண்டாக்ட்ஸ்' என்று ஒரு வரி. 'இன்டர்நெட்' என்று இன்னொரு வரி. "ஒண்ணு படிக்கறதுக்கு, ஒண்ணு வெளியே அனுப்பறதுக்கு. ரெண்டும் இருந்தா போதும்" என்றாள். இன்டர்நெட்டுக்கு ஆண்ட்ராய்டு நம்மிடம் கேட்பதே இல்லை. இன்ஸ்டால் செய்யும்போதே கொடுத்துவிடும். காண்டாக்ட்ஸுக்கு மட்டும், 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், ஒரு பெட்டி போட்டுக் கேட்கிறது. பையன் 'அலவ்' அழுத்தியிருந்தான். அழுத்தாவிட்டால் கடன் இல்லையாம்.

ஆஷ்பரி தீர்ப்புக்கு அப்புறம் வக்கீல்கள் உஷாரானார்கள். உலகத்திலுள்ள அத்தனை தொழிலையும் மெமொராண்டத்தில் எழுதிவைக்க ஆரம்பித்தார்கள். ஆப் செய்கிறவர்களில் பலரும் அதே ரகம்தான். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் கேட்டு வைக்கிறார்கள்.

அதனால்தான் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. கடன் ஆப்கள் காண்டாக்ட் லிஸ்ட், கால் விவரம், போனிலுள்ள ஃபைல்கள் பக்கமே போகக்கூடாது என்றது. 2023-ல் கூகுளும் தன் பிளே ஸ்டோரில் உள்ள தனிநபர் கடன் ஆப்களுக்கு காண்டாக்ட்ஸையும் போட்டோக்களையும் தடை செய்தது. சரி, ஸ்டோருக்கு வெளியே ஏதோ ஒரு லிங்க்கில் வருகிற ஆப்பை யார் சோதிப்பது?

நாம்தான். அதற்காக மேனிஃபெஸ்ட்டைப் பிரித்து மேய வேண்டாம். போனில் செட்டிங்ஸ் போய், ஆப்ஸில் அந்த ஆப்பைத் தொட்டு, பெர்மிஷன்ஸைப் பாருங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த வேலைக்கு இது எதற்கு? மேப்புக்கு நான் இருக்கும் இடம் தெரிய வேண்டும், நியாயம். டார்ச் லைட்டுக்கு என் மாமியார் நம்பர் எதற்கு?

ஆஷ்பரி வழக்கில், பங்குதாரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து சம்மதித்தால்கூட அந்த ஒப்பந்தம் செல்லாது என்றார்கள். போனில் ஒரு கட்டைவிரல் சம்மதித்தால் போதும். அந்தப் பையன் போனில் நானூறு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை.