ஜாமீன் உத்தரவுக்குப் பிறகு தொடங்கும் வேலை

சிறை நெரிசல் என்றதும் புதிய கட்டடம், கூடுதல் கொட்டடி என்றே பேச்சு போகிறது. சட்ட உதவி வழக்கறிஞராகச் சிறைக்குப் போய்வரும் நான் அதை முதலில் தேதிகளிலும் காகிதங்களிலும்தான் பார்க்கிறேன். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இருந்த இடமோ 4,36,266 பேருக்கு. உள்ளே இருந்தவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபணமாகாதவர்களே கிட்டத்தட்ட மொத்த இடத்தையும் நிரப்பிவிடுகிறார்கள். உத்தரப் பிரதேசம், டெல்லி அளவுக்குத் தமிழகச் சிறைகளில் நெரிசல் இல்லை. ஆனால் வெளியே போயிருக்க வேண்டியவர் உள்ளேயே தங்கிப்போகும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

புதிதாக ஒரு கைதியைப் பார்க்கும்போது நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன்: முதல் ரிமாண்ட் எந்தத் தேதி, என்ன பிரிவு, குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா, வேறு வழக்கு இருக்கிறதா. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் அவருடைய உரிமை. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனாலும் அந்த உரிமை தானாக நடந்து வராது. நாம் மனு போடுவதற்குள் குற்றப்பத்திரிகை உள்ளே போய்விட்டால் அது கைநழுவிவிடும். எனவே 60 நாள் வழக்கென்றால் மனுவை முந்தின நாளே எழுதி வைத்துக்கொண்டு, 61-ஆம் நாள் கோர்ட் திறந்ததும் நீட்ட வேண்டும். கேட்பாரற்ற கைதிக்காக நாள் எண்ணிக்கொண்டிருப்பது எங்கள் தொழிலின் முதல் கடமை.

நான்காவது கேள்வியை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் வீண். ஒரு வழக்கில் ஜாமீன் வாங்கி, ஜாமீன்தாரர்களை நிறுத்தி, குடும்பத்தார் சிறை வாசலில் காத்திருப்பார்கள், ஆள் வரமாட்டார். வேறொரு காவல் நிலையத்தின் பழைய திருட்டு வழக்கில், சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்காகக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் பி.டி. வாரண்ட் கிடக்கும். கைதிக்கே அது தெரிந்திருக்காது. முதல் சந்திப்பன்றே சிறை அலுவலகத்தில் அவர் பெயரில் உள்ள எல்லா வாரண்டுகளையும் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியே மனு போட்டால்தான் கதவு திறக்கும்.

அரசும் உச்ச நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை விடுவிக்க 2005-இல் சட்டத்திருத்தம் வந்தது. மாவட்ட நீதிபதி, ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் கூடிக் கைதிகளின் பட்டியலைப் பரிசீலிக்கும் குழுக்கள் 2015 முதல் அமைந்தன. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு காலமே போதும் என்றது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இது பொருந்தாது. தகுதியானவருக்காகக் கோர்ட்டுக்கு எழுதவேண்டிய பொறுப்பையும் அந்தப் பிரிவு சிறைக் கண்காணிப்பாளர் மேல் வைத்தது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அந்த ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது.

இவ்வளவும் நல்லதுதான். ஆனால் அதே பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது என்கிறது. சில்லறைத் திருட்டில் பிடிபட்டு, அடுத்தடுத்த வழக்குகளிலும் சேர்க்கப்பட்ட ஏழைதான் சிறையில் அதிக நாள் கிடப்பவர். யாருக்கு இந்தப் பிரிவு மிகவும் தேவையோ அவரையே அது ஒதுக்கிவிடுகிறது. இந்த விலக்கு திருத்தப்பட வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த முடிச்சு ஜாமீன்தாரர். ‘இரண்டு நபர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த உறவு’ என்பது நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் நிபந்தனை. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பையனுக்கு இங்கே ரத்த உறவு யார்? 1978-இல் மோத்தி ராம் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். ஜாமீனுக்கு நின்ற அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னது. இன்றும் மனுக்களில் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து வைக்கிறேன்.

2023-இல் ஏழைக் கைதிகளுக்கான நிதி உதவித் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை தரலாம் என்று அப்போது வரையறுத்தார்கள். போதைப்பொருள், சட்டவிரோதப் பணப் பரிமாற்றம் போன்ற வழக்குகளுக்கு இல்லை. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் நம் கோர்ட்டுகள் பெரும்பாலும் கேட்பது ஆளை. கையெழுத்துப் போட ஆளில்லாதவரிடம் பணம் மட்டும் வந்து என்ன செய்யும்? அதனால் முதலில் நிபந்தனையைத் தளர்த்த மனு போடுகிறேன்: சொந்தப் பிணையில் விடுங்கள், இயலாதென்றால் ஜாமீன்தாரருக்குப் பதில் ரொக்க வைப்புத்தொகை கட்ட அனுமதியுங்கள். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. ரொக்கம் என்று உத்தரவு மாறிய பிறகுதான் அந்தத் திட்டத்தின் பணத்துக்கு வேலை வருகிறது. ஒரு திட்டத்தையும் ஒரு சட்டப்பிரிவையும் இப்படி முடிச்சுப் போடுவதில்தான் இந்தத் தொழிலின் நுணுக்கம் இருக்கிறது.

உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 உத்தரவு இதற்குக் கைகொடுக்கிறது. ஜாமீன் உத்தரவின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். ஏழு நாளில் கைதி விடுதலையாகாவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் கோர்ட்டே நிபந்தனையை மறுபரிசீலனை செய்யலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவது விடுதலையைத் தாமதப்படுத்துகிறது என்றும் அது சொல்கிறது.

சட்ட உதவிக்கு வரும் இளம் வழக்கறிஞர்களிடம் நான் வேண்டுவது இதுதான். ஜாமீன் உத்தரவு வந்ததும் வழக்குக் கட்டை மூடிவிடாதீர்கள். எட்டாம் நாள் சிறைக்குப் போன் செய்து, அந்தப் பெயர் இன்னும் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் காரணம் கேட்டு அன்றே அடுத்த மனுவை எழுதுங்கள். பரிசீலனைக் குழுவில் உட்காரும் அதிகாரிகளும் எண்ணிக்கையோடு நிற்காமல் பெயர் பெயராகப் படிக்கட்டும். சீர்திருத்தம் எத்தனை அரசாணைகளில் வந்தாலும், ஒரு கைதியின் தாளை ஒருவர் முழுதாகப் படிக்கும்போதுதான் அது அவருக்குப் பயன்படுகிறது.