பட்டியலின் அடியில் இருந்த கையெழுத்து



அமானிதம் என்னும் தலைப்பில் நாம் பல ஆண்டுகளாக மத்ரஸாவில் பாடம் நடத்தி வருகிறோம். அச்சொல்லின் வேர், அது இடம்பெறும் வசனங்கள், நயவஞ்சகனின் அடையாளங்களுள் ஒன்றாக அமானித மோசடியைக் குறிப்பிடும் நபிமொழி ஆகிய அனைத்தையும் மாணவர்களுக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறோம். எனினும் அந்தப் பாடத்தை நமக்கே நடத்தியவர் ஓர் ஆலிம் அல்லர். ஓடும் ரயிலில் கடிதங்களைப் பிரித்துப் பிழைத்த ஒரு தபால் ஊழியர் அவர். ராஜபாளையத்தில் நம் மஹல்லாவில் எல்லோரும் அவரை ‘ஆர்.எம்.எஸ். பாய்’ என்றே அழைப்பர். இன்று அவர் மர்ஹூம். அவரிடம் கற்றதை எழுதிவைப்பது நம்மீது கடமை என்று கருதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலானின் கடைசிப் பத்தில், ஸதகத்துல் ஃபித்ர் அரிசியைப் பங்கிட்டு வழங்கும் பொறுப்பை ஜமாஅத் நம்மிடம் ஒப்படைத்திருந்தது. மாணவர்கள் அரிசியை அளந்து பைகளில் கட்டினர். தெருவாரியாகப் பட்டியல் எழுதப்பட்டது. நம் மஹல்லாவிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபெயர்ந்த சில ஏழைக் குடும்பங்களின் பெயர்களும் அதில் இருந்தன. பெருநாள் இரவில் பட்டியல் நம் கைக்கு வந்தது. எல்லாப் பெயர்களுக்கும் எதிரே குறியிடப்பட்டிருந்தது. ஒருமுறை கண்ணோட்டமிட்டு, அடியில் கையெழுத்திட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி எழுந்துவிட்டோம்.

பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், வகுப்பறையைப் பெருக்கும்போது சுருட்டி வைத்திருந்த பாய்களுக்குப் பின்னால் ஓர் அரிசிப் பை அகப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு பெண் பிள்ளைகளுடன் வாழும் ஒரு விதவையின் பெயர் அதில் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பைகளை எடுத்து வைத்தவன் பதின்மூன்று வயது மாணவன். அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் அனைவர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டோம். அவன் அழுதான். யாரும் நம்மைத் தடுக்கவில்லை.

தூணோரம் அமர்ந்திருந்த ஆர்.எம்.எஸ். பாய் மட்டும் மெதுவாக எழுந்து வந்தார்.

“ஹஜ்ரத், பையனை விடுங்கள். பட்டியலின் அடியில் இருக்கும் கையெழுத்து யாருடையது?”

நம்முடையதுதான் என்றோம்.

“அப்படியென்றால் பை தவறியது உங்களிடம்தான். எங்கள் வண்டியில் அப்படித்தான் எழுதுவோம்.”

அன்று இஷாவுக்குப் பின் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அந்த வண்டியைப் பற்றிக் கேட்டோம்.

இந்நாட்டில் ஓடும் ரயிலிலேயே கடிதங்களைப் பிரிக்கும் வழக்கம் 1863-இல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கியது. பின்னர் அது ரயில்வே தபால் சேவையாக, அதாவது ஆர்.எம்.எஸ். ஆக, நாடெங்கும் பரவியது. தென்பகுதியில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட ‘எம்.ஏ.’ கோட்டத்தில் அவர் சார்ட்டராகச் சேர்ந்து, பிறகு ஹெட் சார்ட்டராக உயர்ந்தவர். விருதுநகரையும் தென்காசியையும் இணைத்து 1927-இல் திறக்கப்பட்ட நம் ஊர்ப் பாதையையே உதாரணமாக வைத்து அவர் நமக்கு விளக்கினார். விருதுநகரை விட்டால் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று நிலையங்கள் வரிசையாக வரும்.

தபால் வண்டியில் ஒரு குழுவாக ஏறுவார்கள். அதற்கு ‘செட்’ என்று பெயர். சார்ட்டர்கள், பைகளைத் தூக்கி இறக்கும் வேன் பியூன் ஆகியோருக்கு மேலே ஒரு ஹெட் சார்ட்டர் இருப்பார். சுவர் முழுவதும் சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்ட பலகை இருக்கும். ஓர் அறை ஓர் ஊருக்கு, அல்லது ஓர் ஊர்த் தொகுதிக்கு உரியது. சார்ட்டர் நின்றபடியே முகவரியைப் படித்து அந்தந்த அறையில் கடிதத்தை இடுவார். வண்டி ஆடும், உறக்கம் வரும், கோடைக்காலத்தில் வியர்வை கடிதத்தில் சொட்டும். எனினும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குரிய பை, ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்கு முன்பே கட்டப்பட்டு, அரக்கு முத்திரை இடப்பட்டுக் கதவருகில் நிற்க வேண்டும். சற்றுத் தாமதித்தால் வண்டி ராஜபாளையத்துக்கு வந்துவிடும். இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அந்தக் கடிதம் திரும்பிச் செல்ல எதிர்வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும்.

“எத்தனை கடிதங்கள் ஹஜ்ரத்! கடையநல்லூர்ப் பைக்குள் வளைகுடாவிலிருந்து வந்த உறைகள் இருக்கும். பிள்ளை பிறந்திருக்கும், தகப்பன் முகம் பார்த்திருக்க மாட்டான். அந்த உறையை வேறு அறையில் போட்டால் எங்களுக்கு ஒரு நாள் தாமதம் என்று பெயர். அந்த வீட்டுக்கு அது ஒரு நாள் இல்லை” என்றார்.

ஹெட் சார்ட்டரின் கடமைகள் என்னென்ன என்று கேட்டபோது அவர் விரல்விட்டு எண்ணினார்.

வேலை தொடங்கும்போதே தேதி முத்திரையின் தேதியை மாற்றி, அதற்கென உள்ள நோட்டில் ஒருமுறை பதித்து, சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேதி பிழையானால் அன்று அந்த முத்திரை பதியும் ஒவ்வோர் உறையும் பொய் சொல்லும்.

வந்த பைகளைப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ண வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது. ஒவ்வொரு பையின் முத்திரையும் முழுமையாக இருக்கிறதா, சணல் அறுந்து முடியப்பட்டிருக்கிறதா, பையில் கிழிசல் உண்டா என்று கைவைத்துப் பார்க்க வேண்டும். குறை இருந்தால் கையெழுத்திடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். கையெழுத்திட்ட கணத்தில், முன்னால் கைமாற்றியவர் விடுதலை பெறுகிறார், பொறுப்பு நம் கழுத்தில் ஏறுகிறது.

பையைத் திறக்கும்போது சணலை ஓரிடத்தில் மட்டுமே வெட்ட வேண்டும். முத்திரையும் சீட்டும் சிதையக் கூடாது. உள்ளே இருப்பவை சரிபார்க்கப்படும்வரை சணல், சீட்டு, முத்திரை மூன்றையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஏதேனும் குறைந்தால் அவையே சாட்சிகள். “சாட்சி இல்லாமல் ஒருவன்மீது பழி சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சட்டம்” என்று சொல்லிவிட்டு அவர் நம்மைப் பார்த்தார். நாம் தலைகுனிந்தோம்.

பதிவுத் தபாலையும் காப்பீடு செய்த தபாலையும் தனிக் கவனத்துடன் கையாள வேண்டும். புதிய சார்ட்டரைக் கடினமான பலகையில் நிறுத்திவிட்டுப் பின்னர் அவனைத் திட்டக் கூடாது. அவனவன் தகுதியறிந்து வேலையைப் பங்கிடுவதும் மேற்பார்வையாளரின் கடமை. கட்டிய கட்டுகளில் சிலவற்றை எடுத்துப் பிரித்துச் சோதிக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரும் ஸ்ரீபெரும்புதூரும் அவசரக் கையெழுத்தில் ஒன்றுபோல் தோன்றும். புதுப்பட்டி என்றும் புதூர் என்றும் எத்தனையோ ஊர்கள் உண்டு. 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்த பிறகு இந்தத் துன்பம் பெரிதும் குறைந்தது. ராஜபாளையத்துக்கு 626117, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 626125. ஆயினும் எண் எழுதாத உறைகள் வந்துகொண்டுதான் இருந்தன.

கடைசிக் கடமையைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. வண்டி கடைசி நிலையத்தை அடைந்ததும், எல்லோரும் களைத்து இறங்கத் துடிக்கும் நேரத்தில், ஹெட் சார்ட்டர் ஒவ்வோர் அறைக்குள்ளும் கையை விட்டுத் துழாவ வேண்டும். பலகைக்குப் பின்னால், காலிப் பைகளுக்குள், இருக்கைக்கு அடியில் பார்க்க வேண்டும். காலிப் பைகளை உட்புறம் வெளியே வரும்படித் திருப்பி உதற வேண்டும். ஒருமுறை அப்படித் தேடியபோது பலகைக்கும் சுவருக்கும் இடையே செருகி நின்ற ஓர் அஞ்சலட்டையை அவர் கண்டெடுத்தாராம். அதை அடுத்த வண்டிக்கான பையில் சேர்த்துவிட்டு, தினசரி அறிக்கையில் அது கிடைத்ததைத் தம் பெயரிலேயே எழுதினார். ‘ஓர் அஞ்சலட்டைக்கா எழுத வேண்டும்?’ என்று உடனிருந்தவர்கள் கேட்டார்கள். “அனுப்பியவனுக்கு அது ஓர் அட்டை இல்லை” என்பதே அவருடைய பதில்.

திண்ணையிலிருந்து எழுந்து வரும் வழியெல்லாம், நாம் பாடம் நடத்திய செய்திகளே புதிய பொருளுடன் நினைவுக்கு வந்தன.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ரோமர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் படிப்பதில்லை என்று தெரிவிக்கப்பட்டது. அதனால் பெருமானார் வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்யச் சொல்லி, அதில் தம் பெயரைப் பொறிக்கச் செய்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. அம்மோதிரம் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோருக்குப் பின் உஸ்மான் (ரலி) அவர்களிடம் வந்து, அரீஸ் என்னும் கிணற்றில் தவறி விழுந்தது. கிணற்று நீரை இறைத்து மூன்று நாட்கள் தேடினார்கள். தவறியதைத் தேடுவதும் அமானிதத்தின் ஒரு பகுதியே.

முஆவியா (ரலி) அவர்களின் காலத்தில் ஒருவருக்கு ஒரு லட்சம் திர்ஹம் வழங்குமாறு கடிதம் கொடுக்கப்பட்டது. முத்திரையிடாத அக்கடிதத்தில் தொகை இரண்டு லட்சமாகத் திருத்தப்பட்டது. கணக்கு வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அதன் பிறகே ‘தீவானுல் காதம்’ என்னும் முத்திரை அலுவலகம் நிறுவப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அமைப்பில் ஓட்டை இருந்தால் அதை அடைப்பது பொறுப்பாளரின் வேலை என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகின்றான். ‘உரியவர்களிடம்’ என்பதுதான் அதன் உயிர். அனுப்பிவிட்டோம், பட்டியலில் குறியிட்டுவிட்டோம் என்பதோடு அது முடிவதில்லை. உரியவரின் கையில் சேரும்வரை பொறுப்பு நீங்காது.

மறுநாள் காலை அந்தப் பையுடன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் சென்றோம். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அந்தச் சகோதரி நம்மைக் குறை கூறவில்லை.

“பெருநாளைக்குப் பக்கத்து வீட்டில் அரிசி கொடுத்தார்கள் ஹஜ்ரத். ஊரை விட்டு வந்துவிட்டதால் என் பெயரை எடுத்துவிட்டீர்களோ என்றுதான் நினைத்தேன்” என்றார்.

பெருநாள் தொழுகைக்கு முன் ஃபித்ரா உரியவரைச் சென்றடைய வேண்டும் என்பது நபிவழி. தாமதமாகக் கொடுத்தால் கடமை நிறைவேறுமா, அதன் சட்டம் என்ன என்பதை ஃபிக்ஹு நூல்களில் காணலாம். ஆனால் தன் ஜமாஅத் தன்னைக் கைவிட்டது என்று எண்ணி ஒரு பெண் கழித்த பெருநாளுக்குக் களா கிடையாது.

திரும்பி வந்ததும், எந்த முற்றத்தில் அந்த மாணவனைக் கடிந்தோமோ அதே முற்றத்தில் அஸருக்குப் பின் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். ஜமாஅத்தின் ஃபித்ராக் கணக்குப் புத்தகத்தில், பை தவறியதையும் பொறுப்பாளர் சரிபார்க்காமல் கையெழுத்திட்டதையும் நம் பெயரிலேயே எழுதினோம். அடுத்த ரமலான் முதல் பெருநாள் இரவில், பட்டியலோடு வகுப்பறையின் ஒவ்வொரு மூலையிலும் நாமே தேடிப் பார்க்கிறோம். பாய்ச் சுருள்களை விரித்து உதறுகிறோம். மாணவர்கள் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும்.

ஓடும் வண்டியில் கடிதம் பிரிக்கும் காலம் முடிந்துவிட்டது. எண்பதுகளிலிருந்து அந்த வேலை நிலையங்களில் உள்ள அலுவலகங்களுக்கு மாறியது. மீட்டர் பாதை அகலப்பாதையாயிற்று. 2025-இல் பதிவுத் தபாலும் ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. இப்போது பார்கோடு எல்லாவற்றையும் காட்டுகிறது. ஆனால் பார்க்காமல் பதியும் கருவியும், பார்க்காமல் இட்ட நம் கையெழுத்தும் ஒன்றே.

நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், உங்கள் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் அறிவோம். ஆட்சியாளருக்கும், வீட்டுத் தலைவருக்கும், இல்லத்தரசிக்கும், பணியாளருக்கும் அதில் தனித்தனியே இடமுண்டு. ஜமாஅத் நிர்வாகியும், ஆலையில் மேஸ்திரியும், வகுப்பில் ஆசிரியரும், வீட்டில் பெற்றோரும் தமக்குக் கீழுள்ளவரைக் கடிந்துகொள்ளுமுன், பட்டியலின் அடியில் யார் கையெழுத்து இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோமாக.

ஆர்.எம்.எஸ். பாயின் கப்ரை அல்லாஹ் விசாலமாக்குவானாக. அவர் சேர்ப்பித்த ஒவ்வொரு கடிதத்துக்கும் அவருக்கு நன்மை எழுதுவானாக. ஒப்படைக்கப்பட்டவற்றை உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்ப்பிக்கும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.