கொம்பு கொண்டுவரும் நாய்

வயோமிங்கில் மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெரியவர், நான் போயிருந்த வசந்தத்தில் ஒரு நாய்க்குட்டிக்காக அலைந்துகொண்டிருந்தார். புதரில் பதுங்கிய பறவையை மோப்பம் பிடித்ததும் சிலையாக நிற்கவேண்டும். சுட்டு விழுந்த வாத்தை நீந்திப்போய்க் கவ்வி வரவேண்டும். பனி உருகியதும், எல்க் மான்கள் உதிர்த்துப்போட்ட கொம்புகளையும் தேடித் தரவேண்டும். இத்தனையும் ஒரே நாய்!

கொம்புக்கு லாப்ரடார் கெட்டிக்காரன் என்றார்கள் பலர். பறவைக்கு நிற்பது பொதுவாக அதன் ரத்தத்தில் இல்லை என்று அவர் ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டரைத் தேடிப் போனார். நானும் கூடப் போனேன். ஏழு குட்டிகள். சுருட்டிய காலுறை ஒன்றைப் புல்லில் வீசினார். ஒரு குட்டி அதைக் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடியது. இரண்டு அதற்காகச் சண்டை பிடித்தன. காதில் பழுப்புப் புள்ளி இருந்த பெட்டைக்குட்டி மட்டும், தன் முறை வந்தபோது, காலுறையை நேரே அவர் செருப்பின்மேல் கொண்டுவந்து வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தது. அதோடு தேர்வு முடிந்தது. 1969-இல் தொடங்கிய வட அமெரிக்கப் பல்திறன் வேட்டைநாய்ச் சங்கம் இளம் நாய்களுக்கு வைக்கும் சோதனையில் மூக்கு, தேடல், தண்ணீர் இவற்றோடு ஒத்துழைப்புக்கும் மதிப்பெண் உண்டு. என்னைக் கேட்டால் அதற்குத்தான் முதலிடம். மூக்கு எந்த நாய்க்கும் இருக்கிறது. கண்டெடுத்ததை நம்மிடம் கொண்டுவரும் மனசு எல்லா நாய்க்கும் இருப்பதில்லை.

எங்கள் தாத்தா வீட்டுச் சுவரில் ஒரு புள்ளிமான் கொம்பு இருந்தது. அதில் குடை தொங்கும். செத்த மானுடையது என்று நினைத்துச் சின்ன வயதில் அந்தப் பக்கம் போகவே மாட்டேன். மாட்டுக்கொம்பு விழுவதில்லை, மான்கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கிறது என்பது அப்போது தெரியாது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர்தானே. தாத்தா வீட்டுக் கொம்பு உதிர்ந்து கிடந்து எடுத்ததாகக்கூட இருந்திருக்கலாம். கேட்டுச் சொல்லத் தாத்தா இல்லை.

பெரியவரின் குட்டிக்குப் பழக முதலில் ரப்பர் கொம்புதான். நிஜக் கொம்பின் முனை ஒருமுறை வாயில் குத்திவிட்டால் பிறகு கிட்டவே போகாதாம். நிஜக் கொம்பை ஒளித்து வைக்கும்போது பெரியவர் கையுறை போட்டுக்கொள்வார்; இல்லாவிட்டால் நாய் அவர் கைவாசனையைத் தேடக் கற்றுக்கொள்ளும்.

ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை அந்தப் பக்கத்துப் பொது நிலங்களில் கொம்பு பொறுக்கத் தடை. குளிரில் இளைத்துக் கிடக்கும் மான்களை விரட்டினால், மிச்சமிருக்கும் கொழுப்பும் ஓட்டத்திலேயே கரைந்துவிடும். நல்ல சட்டம். அங்கே ஜாக்சன் ஊர்ச் சதுக்கத்தின் நான்கு மூலைகளிலும் கொம்பாலேயே கட்டிய வளைவுகள் நிற்கின்றன. பக்கத்து எல்க் சரணாலயத்தில் சாரணச் சிறுவர்கள் பொறுக்கும் கொம்புகள் 1968 முதல் ஏலத்துக்கு வருகின்றன. பணத்தில் பெரும்பங்கு சரணாலயத்துக்கே திரும்புகிறது.

மறு ஆண்டு மே மாதம் மறுபடி போனேன். நாய்க்கு ஒரு வயது தாண்டியிருந்தது. சரிவில் காற்றுக்கு எதிராக இடவலமாக ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று தலையைத் திருப்பி சேஜ் புதருக்குள் நுழைந்தது. வெளியே வந்தபோது வாயில் கொம்பு. அதன் நீளம் புதர்களில் மாட்டியது. இரண்டு முறை கீழே வைத்து, நடுவில் பார்த்துக் கவ்வி, தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்து வந்தது. பெரியவர் வாங்கி அடிப்பக்கத்தை என்னிடம் நீட்டினார். மண்டையிலிருந்து கழன்ற இடம், அரிசிநொய்யை ஒட்டவைத்ததுபோல் சொரசொரப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். ஈர மண் வாசனை மட்டும்தான் வந்தது. நாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.