இரண்டு கோர்படிகள்

சேவையகத்தில் நிரலை ஓடவிட்டதும் 'அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை' என்று வரும் பிழைக்குப் பெரும்பாலும் எளிய காரணமே இருக்கும். ஸ்லர்ம் வழியாக அனுப்பிய பணி, அனுப்பியவர் நின்ற கோப்புறையிலிருந்து தொடங்கும். கிரான் வழியாக ஓடுவது பயனரின் வீட்டுக் கோப்புறையிலிருந்து தொடங்கும். நிரலுக்குள் சார்புப் பாதை எழுதியிருந்தால் இரண்டும் வெவ்வேறு இடங்களில் போய்த் தேடும். முழுப் பாதை கொடுத்தால் தீர்ந்தது.

தமிழில் தரவு சேர்ப்போரைத் தாக்கும் பிழை இதனினும் நுட்பமானது. புனேயின் கோர்படியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சை ஓர் ஆய்வாளர் பதிவுசெய்து, கோப்புறைக்குக் 'கோர்படி' என்றே பெயரிடுகிறார் எனக் கொள்வோம். யூனிகோடில் 'கோ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். முதல் முறையில் 'கோர்படி' 7 குறியெண்கள், யூடிஎஃப்-8இல் 21 பைட்டுகள். இரண்டாம் முறையில் 8 குறியெண்கள், 24 பைட்டுகள். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. யூனிகோடும் இரண்டையும் நிகரானவை என்றே சொல்கிறது. லினக்ஸின் வழக்கமான கோப்பமைப்புகளோ பெயரை வெறும் பைட்டு வரிசையாகவே பார்க்கின்றன. அவற்றுக்கு இவை இரண்டு ஊர்கள்.

ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கொள்கிறது. அதனால் மடிக்கணினியில் பழுதின்றி ஓடிய நிரல் சேவையகத்தில் தடுக்கி விழுகிறது.

விழுந்தால் நல்லது. கிடைக்காத கோப்பைத் தாண்டிச் செல்லுமாறு நிரலில் எழுதியிருந்தால் பிழைச்செய்தியே வராது. அட்டவணையில் கோர்படிக்கு உரிய இடத்தில் பூச்சியம் நிற்கும். அந்தப் பூச்சியத்தை வைத்து, ஒரு சொல்வடிவம் அங்கு வழக்கில் இல்லையென ஆய்வேட்டில் எழுதிவிடவும் கூடும்.

பெயரை ரோமன் எழுத்தில் வைத்தால் போதாதா என்பர். அதே ஊரின் பெயர் ரோமன் எழுத்தில் கோர்படி என்றும் கோர்புரி என்றும் வழங்குகிறது. சிக்கல் இடம் மாறுமேயன்றித் தீராது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைத் தழுவியது. இந்திய எழுத்துகளைக் கணினிக்குக் கொண்டுவந்த ஜிஸ்ட் தொழில்நுட்பத்தை வளர்த்த சி-டாக் நிறுவனம் இருப்பதும் அதே புனேயில்தான். அந்நகரிலேயே தமிழில் ஒரு கோப்புறைக்குப் பெயர் வைக்க அஞ்சுவது சற்று வேடிக்கை.

ஐயம் எழுந்தால் கோப்புறைப் பட்டியலை எக்ஸ்எக்ஸ்டி கட்டளைக்குள் செலுத்திப் பைட்டுகளைப் பார்க்கலாம். பைத்தானின் யூனிகோட்டேட்டா நிரல்கூறில் உள்ள நார்மலைஸ் செயற்கூறால், தேடும் பெயரையும் வட்டிலுள்ள பெயரையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பின் ஒப்பிடுவதே பாதுகாப்பு. வட்டிலேயே பெயர்மாற்றத் துணிவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரு வடிவக் கோப்புறைகளும் அருகருகே இருந்து, இரண்டிலும் ஒரே பெயரில் ஒலிக்கோப்புகள் இருக்கலாம். ஒப்பிடாமல் ஒன்றாக்கினால் ஒரு நேர்காணல் மற்றொன்றின்மேல் எழுதப்பட்டுவிடும்.