சைடு ஸ்டாண்டில் ஒட்டியிருந்த மண்

எங்கள் வீட்டு முற்றத்தில், கிணற்றடிக்குப் பக்கத்தில், துவைக்கிற கல்லை ஒட்டி என் புல்லட் நிற்கும். 1986-ல் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு வாங்கியது. கறுப்பு நிறம், டேங்கின் இரண்டு பக்கமும் பொன்னிறக் கோடு. கால்நடை ஆய்வாளராக மானாம்பதி, பெருநகர், சாலவாக்கம், எடமச்சி என்று நான் சுற்றிய ஊரெல்லாம் அதுவும் சுற்றியது. பின்னால் தடுப்பூசிப் பெட்டி கட்டியிருக்கும். ஏரிக்கரையில் வண்டிச் சத்தம் கேட்டதுமே "மாட்டு டாக்டர் வர்றாரு" என்று மாட்டைப் பிடித்துக் கட்டிவிடுவார்கள். நான் டாக்டர் இல்லை, ஆய்வாளர்தான் என்று சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு சொல்வதையே விட்டுவிட்டேன்.

இப்போது எனக்கு வயது 71. வண்டியை விற்றுவிடச் சொல்லி வீட்டில் மூன்று வருடமாகப் பேச்சு. "ஏங்க, அது நூத்தி அறுபது கிலோவுக்கு மேல இருக்கு, நீங்க அறுபது கிலோ கூட இல்ல" என்பாள் மனைவி. நான் காதில் வாங்குவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை திருப்புலிவனம் வரை போய் வருவேன். அது போதும்.

சென்ற தீபாவளிக்கு மகள் பிள்ளையோடு வந்திருந்தாள். பேரனுக்குப் பதினொரு வயது. வந்த நாளிலிருந்து புல்லட்டையே சுற்றிச் சுற்றி வந்தான். ஆக்சிலேட்டரைத் திருகுவான், கிக்கரை மிதித்துப் பார்ப்பான். கியர் ஏன் வலது பக்கம் இருக்கிறது, பிரேக் ஏன் இடது பக்கம் இருக்கிறது என்று கேட்பான். பழைய புல்லட் அப்படித்தான் என்று விளக்கினேன். "நான் இல்லாதப்ப மேல ஏறக் கூடாது" என்று சொல்லியும் வைத்திருந்தேன்.

பண்டிகைக்கு மறுநாள். இரண்டு நாள் ஐப்பசி மழை கொட்டிவிட்டு, அன்று காலை சற்று விட்டிருந்தது. நான் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் தடால் என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. டேங்க் துவைக்கிற கல்லின் முனையில் இடித்து, உள்ளங்கை நீளத்துக்குப் பெயிண்ட் பெயர்ந்து தகரம் தெரிந்தது. பொன்னிறக் கோடு இரண்டாக அறுந்திருந்தது. பக்கத்தில் பேரன் நின்றுகொண்டிருந்தான்.

"ஏறினியாடா?"

"நான் தொடவே இல்ல தாத்தா."

"பொய் சொல்லாத."

"தொடல தாத்தா. தானா விழுந்துச்சு."

"வண்டி தானா விழுமா? முப்பத்தெட்டு வருஷமா விழாத வண்டி இன்னிக்குத் தானா விழுந்துதா?"

அடிக்கவில்லை. ஆனால் அவன் அம்மா, பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்கும்படி அவனைப் பொய்யன் என்றேன். அவன் அழவில்லை. திரும்பி உள்ளே போனவன் அன்று முழுக்க என் பக்கம் வரவேயில்லை. ஞாயிறு வரை இருப்பதாக வந்த மகள் சனிக்கிழமையே தாம்பரத்துக்குக் கிளம்பிவிட்டாள். பேருந்து நிலையத்தில் டாட்டா காட்டினேன். பேரன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

சரி, வண்டிக்கு வருகிறேன். கீறல் விழுந்தால் எல்லோரும் உடனே பெயிண்ட் கடைக்கு ஓடுவார்கள். முதலில் வண்டியைக் கழுவித் துடைத்து, கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டாமல் வழுக்கிப் போனால் மேல் பூச்சில்தான் கீறல், ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் துணியால் தேய்த்தாலே மறைந்துவிடும். நகம் மாட்டினால் நிறம் வரைக்கும் இறங்கியிருக்கிறது. தகரம் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது, மழைக்காலத்தில் இரண்டே நாளில் துரு ஏறிவிடும். துருவுக்கு மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பும். புண்ணுக்குள் சீழ் இருக்கும்போது மேலே தோல் மூடினால் என்ன ஆகும் என்று மாட்டுக்கு வைத்தியம் பார்த்தவனுக்குத் தெரியும்.

என் வண்டிக்குத் தகரமே தெரிந்தது. ஒரு சின்னக் குழி வேறு. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். முப்பது வயதுத் தம்பி. டேங்கைப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"சார், எப்படி விழுந்துது?"

"பேரன் ஏறிட்டான்."

"பையன் ஏறினதுல விழல சார் இது."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சைடு ஸ்டாண்டைக் காட்டினார். அதன் அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்துக்குச் செம்மண் அப்பிக் காய்ந்திருந்தது.

"ஸ்டாண்டு மடங்கியிருந்தா இவ்ளோ மண் ஒட்டாது சார். மண்ணுக்குள்ள இறங்கியிருக்கு. பசங்க இந்தப் பக்கமா தாவி ஏறினா வண்டி நிமிரும், நிமிர்ந்து வலது பக்கம்தான் சாயும். இது ஸ்டாண்டு இருக்கிற பக்கமே விழுந்திருக்கு. ஈர மண்ணுல நிறுத்தினீங்களா? சென்டர் ஸ்டாண்டு போடலையா?"

நான் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து நேராக முற்றத்துக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அந்தக் குழி இருந்தது. சைடு ஸ்டாண்டின் அடி அகலத்துக்குச் சரியாக, மண்ணுக்குள் இறங்கி, உள்ளே மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. நான்கு நாளாக அதைத் தாண்டித்தான் கிணற்றடிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். என் கண்ணில் படவில்லை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போட எனக்கு ஒரு வருடமாக முடிவதில்லை. வலது காலால் ஸ்டாண்டை அழுத்தி, சீட்டுப் பக்கம் பிடித்து மேலே தூக்கி இழுக்க வேண்டும். இடுப்பு பிடித்துக்கொள்கிறது. வீட்டில் தெரிந்தால் "அதான் சொன்னோமே, வித்துடுங்க" என்பார்கள். அதனால் சத்தம் போடாமல் சைடு ஸ்டாண்டிலேயே நிறுத்திப் பழகிவிட்டேன். வண்டி விழுந்த அந்த நொடியில் என் மனத்தின் ஒரு மூலைக்குக் காரணம் தெரிந்துதான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பையன் பக்கத்தில் நின்றிருந்தது வசதியாகப் போயிற்று.

வாயில்லாத மாட்டின் கண்ணையும் காதையும் சாணத்தையும் பார்த்து நோய் சொன்னவன் நான். வாயுள்ள பிள்ளை இரண்டு தரம் சொன்னான். அதை நான் கேட்கவில்லை.

வேலை நடந்தது. தம்பி டேங்கைக் கழற்றி பெட்ரோலை வடித்தார். பெயிண்டர் குழியைச் சுற்றி 320 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்தார். உடைந்த பெயிண்டின் விளிம்பு படி போல நிற்காமல் சரிவாக இறங்க வேண்டும். அதில் அவசரப்பட்டால் பெயிண்ட் அடித்த பிறகும் தழும்பு தெரியுமாம். குழியில் பட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்துக் காயவிட்டு, மறுபடி நைசான பேப்பரால் தேய்த்தார். கறுப்புதானே, சுலபம் என்று நினைத்தேன். "நிறம் சேர்க்கிறது சுலபம் சார். ஆனா சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் கறுப்பு காட்டிக் கொடுத்துடும்" என்றார்.

மழை ஈரம் இருக்கும் நாளில் பெயிண்ட் அடிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். தின்னர் ஆவியாகும்போது தகரம் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பெயிண்டின் மேல் படிந்து வெளுத்துவிடுமாம். வெயிலுக்காக ஆறு நாள் காத்திருந்தோம். வெயில் வந்த நாளில் கறுப்பு, அதன் மேல் கிளியர். நன்றாகக் காய்ந்ததும் 2000 நம்பர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டார். முகம் பார்க்கலாம் போல இருந்தது. கோடுதான் பாக்கி.

புல்லட் தெரிந்தவர்களுக்கு அந்தக் கோட்டின் மதிப்பு தெரியும். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து நம் ஊரில் புல்லட் செய்யத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் டேங்கின் கோட்டைக் கையால்தான் போட்டார்கள். தலைமுறையாக ஒரே குடும்பத்தார் தூரிகை பிடித்து, அளவுகோல் இல்லாமல், ஒரே மூச்சில் இழுத்தார்கள். பிறகு 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் ஆலைகள் வந்தன. புல்லட் இப்போது நம் பக்கத்து வண்டி ஆகிவிட்டது. என் டேங்கில் இருந்தது திருவொற்றியூர்க் கோடு.

பெயிண்டர் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றார். எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் ஒருவர் நினைவுக்கு வந்தார். எண்பதுகளில் எங்கள் மருந்தகத்துக்குப் போர்டு எழுதிக் கொடுத்த ஆர்ட்டிஸ்ட். ஒரு காலத்தில் உத்திரமேரூர்க் கடைவீதியில் பாதிப் பலகைகள் அவர் கையெழுத்து. ஃப்ளெக்ஸ் பேனர் வந்ததும் அந்தத் தொழில் அவரை விட்டுப் போய்விட்டது. விசாரித்துக்கொண்டு போனேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

"கை நடுங்குது சார், வேணாம்" என்றார்.

"எனக்கும் சென்டர் ஸ்டாண்டு போட முடியறதில்ல" என்றேன். வேறு யாரிடமும் சொல்லாததை அவரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த நீள மயிர் பிரஷ்ஷை எடுத்து வந்தார்.

டேங்கை சோப்புத் தண்ணீரால் துடைக்கச் சொன்னார். காம்பவுண்டின் பிசுக்கு இருந்தால் கோடு ஒட்டாதாம். எனாமலில் தங்கப் பொடியைக் குழைத்து, இடது கையில் ஒரு குச்சியைப் பிடித்து, அதன் மேல் வலது மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டு இழுத்தார். முதல் கோடு பாதியில் அலைந்தது. ஒன்றும் பேசாமல் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தார். இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது தடவை மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார். நின்றது. கூர்ந்து பார்த்தால் வலது பக்கக் கோட்டைவிட இது ஒரு நூல் தடிமன். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. வற்புறுத்தி ஐந்நூறு ரூபாயைப் பிரஷ் சுற்றியிருந்த துணிக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

வண்டி சரியாகிவிட்டது. இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அதற்கு வாட்டர் பேப்பரும் பட்டியும் உதவாது.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். கி.பி. 919, 921 என்று இரண்டு. குடவோலையில் பெயர் எழுத வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுக்கு இடமில்லை, அவன் உறவினருக்கும் இடமில்லை. வயதுக் கணக்கில் நான் எப்போதோ கழிந்துவிட்டேன். கணக்குக் காட்டாதவன் என்ற கணக்கிலும் கழிய வேண்டாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியை உட்காரவைத்து முதலில் அவளிடம் இடுப்பு விஷயத்தைச் சொன்னேன். "தெரியும்" என்றாள். "போன பொங்கலுக்கே பாத்தேன்." பிறகு தாம்பரத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தானே திரும்ப வாங்க வேண்டும்?

"தாத்தாதான் ஈர மண்ணுல நிறுத்தினேன்டா. ஸ்டாண்டு உள்ள இறங்கி விழுந்திருக்கு. நீ சொன்னது நிஜம். நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டான்: "இப்ப ஸ்டாண்டுக்கு அடியில கல்லு வெச்சிட்டியா தாத்தா?"

வைக்கவில்லை. டேங்குக்கு அத்தனை நாள் அலைந்தவனுக்கு அது தோன்றவேயில்லை.

அரையாண்டு விடுமுறைக்கு வந்தபோது அவனே பின்கட்டிலிருந்து ஒரு கடப்பாக்கல் துண்டைத் தேடி எடுத்து வந்து, மண்ணைச் சமப்படுத்திப் பதித்தான். வண்டியை அதன் மேல் நிறுத்தி ஆட்டிப் பார்த்தான். பிறகு டேங்கின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கக் கோடு கொஞ்சம் குண்டா இருக்கு தாத்தா" என்றான்.

"ஆமாண்டா" என்றேன். இந்த முறை அவன் கண்ணை நம்பினேன்.

வண்டி வைத்திருக்கும் என் வயது நண்பர்களே, மழைக்காலத்தில் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல் வையுங்கள். அப்படியும் வண்டி விழுந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்டாண்டைப் பாருங்கள்.